சனிக்கிழமைச் சந்தேகக்காரர்

அவர் முதன்முதலாக என் கிளினிக்குக்கு வந்தது பல்வலிக்காக அல்ல, நான் உண்மையிலேயே பல் டாக்டர்தானா என்று பார்க்க.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் எங்கள் பறக்கும் கிளப்பில் அவரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தார்கள். “டாக்டருங்களா? எந்த டாக்டருங்க?” என்றார். பல் என்றேன். “எந்த எடத்துலீங்க?” மைசூர் விஜயநகரில் என்றேன். “சரிங்க” என்று தலையாட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கொள்ளேகாலத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோட்டி வந்து, டோக்கன் வாங்கி, மூன்று பேருக்குப் பின்னால் காத்திருந்து, என் முன்னால் வாயைத் திறந்தார். அறுபது வயதில் முப்பத்திரண்டு பல்லும் கல்லுக்குண்டாட்டம் இருந்தன.

“எங்க சார் வலி?”

“வலியெல்லாம் இல்லீங்க. சும்மா ஒருக்கா பாத்துப்போடலாம்னு.”

அவர் பார்க்க வந்தது தன் பல்லை அல்ல. சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழை, பதிவு எண் உட்பட, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போனபிறகு சிரிப்பும் வந்தது. என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டிக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் துணி இறக்கை வைத்த, இரண்டு பேர் உட்காரும் விமானங்கள் மூன்று. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சம்பளத்துக்குப் பறக்கிறவர்கள் இல்லை, ஆசைக்குப் பறக்கிறவர்கள். நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பிடித்த பைத்தியம் இது. தலைவரை கேப்டன் என்போம். எழுபது வயது, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் இறக்குவார். வாய் ஓயாது. நல்ல மனிதர்.

சந்தேகக்காரருக்குக் கொள்ளேகாலத்தில் மஞ்சள் மண்டி. மூட்டையில் மேலே நல்ல மஞ்சளை வைத்து அடியில் சொத்தையைத் திணிக்கிற உலகத்தில் நாற்பது வருஷம் இருந்தவர். மூட்டையின் அடிவரை கை விட்டுப் பார்த்தே பழகிப்போனவர் மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். பறக்கக் கற்றுக்கொள்ள வந்த முதல் நாள் கேப்டனிடம் அவர் கேட்ட கேள்வி எங்கள் கிளப்பில் பிரசித்தம்.

“நீங்க இதுவரைக்கும் எத்தன தடவ விழுந்திருக்கீங்க?”

“ஒரு தடவையும் இல்லை சார்!” என்றாராம் கேப்டன், பெருமையாக.

“அப்ப விழுந்தா என்ன பண்ணோணும்னு உங்களுக்கும் தெரியாதுங்களே.”

சனிக்கிழமை சாயங்காலம் கடைசி விமானம் இறங்கியதும் கொட்டகையில் எல்லாரும் கூடுவோம். வெங்காய போண்டா, காபி, அரட்டை. அவர் மட்டும் தன் காபியைத் தன் பிளாஸ்கில் கொண்டு வருவார். போண்டாவை இரண்டு பேர் தின்று பத்து நிமிடம் ஆனபிறகுதான் தொடுவார். ஒருமுறை ஒருவர் பிறந்த நாள் என்று கேக் வெட்டினார். எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போது இவர், “லைசென்சுல வேற தேதியல்லங்க போட்டிருக்குது?” என்றார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா மாற்றிக் கொடுத்த தேதி அது என்று அந்த மனிதர் கேக் கத்தியோடு நின்று விளக்க வேண்டியதாயிற்று. “நம்பறனுங்க” என்றார் இவர். அவர் ‘நம்பறனுங்க’ என்று சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

விமானத்தை நாங்கள் சுற்றிவந்து சோதித்து முடித்தபிறகு, இன்னொரு முறை தானும் சுற்றி வருவார். ஒவ்வொரு திருகையும் விரலால் நெருடிப் பார்ப்பார். ‘சிஐடி வந்துட்டார்’ என்று கிண்டல் செய்வோம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறப்போன விமானத்தில் முன்னால் சுழலும் விசிறியின் நட்டு ஒன்று லூசாக இருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்கு நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் சனிக்கிழமைக்கு ஒரு வழக்கம் உண்டு. எப்போதோ உடைந்துபோன ஒரு விமானத்தின் இருக்கையை மரப்பெட்டி மேல் பொருத்தி வைத்திருந்தோம். அந்த வாரம் பறப்பதில் தப்புச் செய்தவர் அதில் உட்கார்ந்து தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். யாரும் திட்டக்கூடாது. கேள்வி கேட்கலாம். சொன்னது கொட்டகையைத் தாண்டிப் போகக்கூடாது. சொன்னவருக்கு முதல் தட்டு போண்டா. வேடிக்கைபோல் தெரியும், ஆனால் எங்களை உயிரோடு வைத்திருந்தது அதுதான் என்று கேப்டன் சொல்வார். ஒருவர் சொன்ன தப்பை அடுத்தவர் செய்யமாட்டார் அல்லவா.

அந்த இருக்கையில் அதிகம் உட்கார்ந்தவள் நான். என் தப்புகளுக்குப் பஞ்சமில்லை, வாய்க்கும் பஞ்சமில்லை. அவர் நான்கு வருஷத்தில் ஒருநாளும் அதில் உட்காரவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்பார். “அப்ப மணி என்னங்க?” “கை எங்க இருந்துச்சு?” “ஆருங்க பாத்தது?” கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வார். என்ன எழுதுகிறார், எதற்கு எழுதுகிறார், ஒருவருக்கும் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும் எனக்கு.

ஒரு சனிக்கிழமை நான் பெரிய தப்பு ஒன்றைச் சொன்னேன். அணைப் பக்கம் தண்ணீர் நிரம்பி அழகாக இருக்கிறதே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்ததில், இறங்கும்போது தொட்டியில் பெட்ரோல் ஏறக்குறைய இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் கரும்புக் காட்டில்தான் இறங்கியிருப்பேன். அவர் ஏழெட்டுக் கேள்வி கேட்டு நோட்டில் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் என் கணவர் கேட்டார். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மேலாளர் அவர், குரலை உயர்த்தாமல் பேசுவார்.

“பெட்ரோல் தீர்ற வரைக்கும் பறந்தியாமே?”

சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். “யார் சொன்னது?”

“யார் சொன்னா என்ன? நிஜமா இல்லையா?”

“நிஜம்தான்.”

“இன்னொரு தடவை இந்த மாதிரி என் காதுல விழுந்தா, பறக்கறது அத்தோட சரி. பொண்ணு காலேஜ்ல இருக்கா. ஞாபகம் வெச்சுக்கோ.”

அவர் சொன்னால் சொன்னதுதான். இரவெல்லாம் யோசித்தேன், யார் சொல்லியிருப்பார்கள் என்று. ரொம்ப யோசிக்கவும் தேவைப்படவில்லை. முந்தின நாள் திங்கள்கிழமை சந்தேகக்காரர் தன் மனைவியின் கடைவாய்ப் பல்லைக் காட்ட அழைத்து வந்திருந்தார். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த என் கணவர் வெளியே அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்திருந்தார். கதவுக் கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். வேறு என்ன சாட்சி வேண்டும்?

நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிளப்பில் இரண்டு பேரிடம் காதோடு காதாகச் சொன்னேன். கேப்டனிடம் சொல்லவில்லை, அவர் காதில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு பேரிடம் சொன்னது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை அந்த இருக்கை காலியாக இருந்தது. கேப்டன் “யாராவது?” என்று சுற்றிப் பார்த்தார். ஆளாளுக்குக் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போண்டாத் தட்டு தொடாமல் ஆறியது. கேப்டனுக்கும் சந்தேகக்காரருக்கும் மட்டும் விஷயம் தெரியாது.

“ஏனுங்க, ஒரு வாரம் பூரா ஒருத்தரும் ஒரு தப்பும் பண்ணலீங்களா?” என்றார் சந்தேகக்காரர். “நம்பற மாதிரி இல்லீங்களே.”

அவர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றதுபோல் பட்டது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நான் தனியாகப் பறந்துவிட்டு இறங்கி, விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றினேன். பெட்ரோலைப் பெரிய கேன்களில் வாங்கிக் கொட்டகைத் தாழ்வாரத்தில் வைத்திருப்போம். ஒரு கேன் பாதியாக மிச்சமிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, கிளினிக்கில் ஆட்கள் காத்திருந்தார்கள், ஓட்டமாகக் காரில் ஏறினேன். ஸ்ரீரங்கப்பட்டணம் பாலம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி பூராவும் கொட்டியது.

மறுநாள் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. கேனின் மூடியைப் போட்டேனா? போட்ட ஞாபகம் இல்லை. அந்தக் கேன் இருந்த இடத்துக்கு நேர் மேலேதான் தகரக் கூரையின் தண்ணீர் வழியும்.

சாயங்காலம் கிளப்புக்குப் போனதும் முதல் வேலையாகத் தாழ்வாரத்துக்குப் போனேன். கேன் இருந்தது. மூடி இறுக்கமாக மூடியிருந்தது. அப்பாடா, போட்டுத்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். கேனைத் தூக்கிப் பார்த்திருந்தால் கனமே காட்டிக்கொடுத்திருக்கும். தூக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். கேப்டன் “யாராவது?” என்றபோது எழுந்திருக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ‘மூடி போட்டேனா என்று சந்தேகமாக இருக்கிறது, அந்தக் கேனை யாரும் தொடாதீர்கள்’, இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அப்போது சந்தேகக்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசை என் கண் முன்னால் வந்தது. மூடித்தானே இருக்கிறது, சொல்ல என்ன இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு விடியற்காலை அவர் பறக்க வந்தார். அந்தக் கேனைத்தான் ஊற்றினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை பறக்கும் முன்னாலும் தொட்டியின் அடிக் குழாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்துத் தூக்கிப் பார்ப்போம். தண்ணீர் கலந்திருந்தால் தண்ணீர் அடியிலும் பெட்ரோல் மேலுமாக நின்று, நடுவே ஒரு கோடு தெரியும். கோடு தெரியாவிட்டால் சுத்தம். கேப்டன் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். “கோடில்லை” என்று உரக்கச் சொல்லிவிட்டு ஏறுவோம். தொட்டியின் அடியில் நிறையத் தண்ணீர் தேங்கி, குப்பி முழுக்கத் தண்ணீராகவே வந்தாலும் கோடு தெரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. கொட்டகையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தண்ணீரும் பெட்ரோல் நிறமாகத்தான் தெரியும். மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் அந்தக் குப்பியைப் பார்த்தார், கோடில்லை என்றார், ஏறினார்.

குழாயில் மிச்சமிருந்த பழைய பெட்ரோலில் என்ஜின் ஓடி, தரையை விட்டு எழும்பி, தென்னை உயரம் தாண்டியதும் நின்றுபோனது. கரும்புக் காட்டில் விழுந்தார். நான் ஏழு மணிக்குப் போனபோது அவரைக் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வலியில் முகம் வெளுத்துப்போயிருந்தது. “கோடு இல்லீங்க, நல்லாப் பாத்தனுங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாரும் என் இளகின மனசு என்று நினைத்தார்கள்.

உடைந்த விமானத்தின் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு கேப்டன் எல்லாரையும் கேட்டார். எங்கள் காவல்காரர் ஒளிக்காமல் சொன்னார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும். “சனிக்கெழம காலைல மூடி கழண்டு செவுத்தோரமா கெடந்துச்சுங்க சார். நான்தான் எடுத்து மூடுனேன்.” மூடியைத் திறந்து வைத்தது யார்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். என் கணவரின் முகம், பறப்பதை விட முடியாத என் ஆசை, எல்லாவற்றையும்விட பயம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் ஓடியது.

சந்தேகக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே ஒவ்வொருவராகப் போனில் விசாரித்தார். வெள்ளிக்கிழமை எங்கே இருந்தீர்கள், கேனைத் தொட்டீர்களா, ஆரு பாத்தது? போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று திரையைப் பார்ப்பேன். என்னை மட்டும் அவர் கூப்பிடவேயில்லை. மூன்றாம் வாரம் அவர் கண்டுபிடித்த குற்றவாளி காவல்காரர். ‘மூடினேன்னு சொல்றவன்தான் தொறந்தும் இருப்பான்’ என்று பிடிவாதமாக நின்று அவரை வேலையை விட்டு நிறுத்த வைத்தார்.

நான் அப்போதும் பேசவில்லை. எழுதவே கை கூசுகிறது.

ஐந்தாம் வாரம் என் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். “பாவம் உங்க கேப்டன், ரொம்ப ஒடைஞ்சு போயிட்டார். அன்னிக்கு தேவராஜ மார்க்கெட்ல பாத்தப்போ எவ்வளவு உற்சாகமா பேசினார்!”

“என்னிக்கு?”

“அதான், நீ பெட்ரோல் தீர்ற வரைக்கும் பறந்தியே, அந்த வாரம். அவர்தான் சொன்னார். குறையா சொல்லலை. ‘உங்க மேடம் மாதிரி தப்பை நேர்மையா ஒத்துக்கற ஆள் கிடையாது, நோடி சார்’ன்னு பெருமையாச் சொன்னார்.”

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை போய் இருக்கையில் உட்கார்ந்தேன். மூடியைச் சொன்னேன், ஐந்து வாரத்தைச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை, வழக்கப்படி. முதல் தட்டையும் யாரும் நீட்டவில்லை. வீட்டில் என் கணவரிடமும் நானே சொன்னேன். அவர் எழுந்து போனார். பறப்பது அதோடு நின்றது.

மறுநாள் கேப்டனும் நானும் காவல்காரரைத் தேடிப் போனோம். ரிங் ரோட்டில் ஒரு கட்டடத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். “வர்றேன் மேடம். ஆனா பெட்ரோல் கேன் பக்கம் மட்டும் என்னைய விடாதீங்க” என்றார்.

அடுத்த ஞாயிறு கொள்ளேகாலம் போனேன். சந்தேகக்காரரின் மனைவி கதவைத் திறந்து, “வாங்க டாக்டரம்மா, உங்களத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு” என்றார். மண்டிக்குப் பின்னால் வீடு, எங்கும் மஞ்சள் வாசனை. வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

“கேப்டன் போன் பண்ணாருங்க” என்றார். “நீங்கதான்னு சொன்னாரு. நான் நம்பலீங்க.”

“நான்தான் சார்.”

“எத்தன மணிக்குங்க ஊத்துனீங்க?”

“அஞ்சரை.”

“மூடிய எந்தக் கையில வெச்சிருந்தீங்க?”

“ஞாபகமில்லை.”

“எந்தப் பக்கம் வெச்சீங்க?”

“தெரியலை சார்.”

“செவுத்தோரமாக் கெடந்துதுன்னு அந்தக் காவக்காரனுக்குத் தெரியுது. உங்களுக்குத் தெரியல. பாருங்க!” கேஸ் ஜெயித்த வக்கீலாட்டம் சிரித்தார். “அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நீங்க பாவம் பாத்துட்டீங்க. பழிய ஏத்துக்கிட்டு அவனுக்கு வேலைய வாங்கிக் குடுத்துட்டீங்க. எனக்குத் தெரியாதுங்களா உங்கள?”

தலையணைக்கு அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். நான்கு வருஷமாக நான் பார்க்க ஏங்கிய நோட்டு. என் பெயருக்கென்று நான்கு பக்கம் இருந்தது. நான் சொன்ன தப்பு ஒவ்வொன்றும் தேதியோடு எழுதி, பக்கத்தில் ஒரே வார்த்தை: ‘உடனே’. தப்பு நடந்த வாரமே சொன்னாள் என்று அர்த்தமாம். மற்றவர்கள் பெயருக்கு எதிரே ‘ரெண்டு வாரம்’, ‘மழுப்பல்’, ‘வேற ஆள் சொன்னது’.

“ஆர நம்பலாம்னு எழுதி வெச்சனுங்க. மொத்தக் கிளப்புலயும் ஒரே ஒரு ஆளு. அதனாலதான் உங்களுக்கு மட்டும் போன் பண்ணல. நீங்க பண்ணியிருந்தா அந்தச் சனிக்கெழமையே சொல்லியிருப்பீங்க. அஞ்சு வாரம் வாய மூடிக்கிட்டு இருக்கற ஆளாங்க நீங்க? எதுக்குங்க இருக்கோணும்? ஒரு காரணம் சொல்லுங்க, நம்பறேன்.”

காரணம் என்னிடம் இருந்தது. உங்களைத்தான் சந்தேகப்பட்டேன், நீங்கள் கோள் சொல்கிறவர் என்று நினைத்தேன், உங்களுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நம்பியிருப்பார். அவருக்கு வேண்டிய ஒரே சாட்சி அதுதான்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை.

“ஒண்ணுமில்லை சார்” என்றேன். அவர் மனைவி கொண்டுவந்த காபியை வாங்கிக் குடித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.